சொன்னதை மட்டும் செய்யும் ரோபோ

ரோபோட்டிக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கும் மேல்நிலைப் பள்ளி அறிவியல் கண்காட்சிதான் நினைவுக்கு வரும். ஒயர்கள், மோட்டார், பேட்டரி, பற்றவைத்த மின்சுற்று என்று மேசை நிறையப் பரப்பி வைத்திருப்பார்கள். “இதெல்லாம் தொடக்கப் பள்ளிக்கு எதற்கு? பிள்ளைகள் முதலில் வாசிக்கட்டும், கழித்தல் கணக்கைத் தப்பில்லாமல் போடட்டும்” என்று குறுவள மையக் கூட்டங்களில் சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி அது. அதற்கு என் வகுப்பறையில் கண்டதை வைத்துப் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்துக் கையாள்கிறேன். இரண்டு வகுப்பிலும் சேர்த்து 31 பேர். ஊரைச் சேர்ந்த ஒரு நன்கொடையாளர் வழியாக எங்களுக்குத் தரையில் ஓடும் சிறிய ரோபோ ஒன்று கிடைத்தது. அதற்குத் திரை கிடையாது, இணையமும் தேவையில்லை. முதுகில் ஏழு பொத்தான்கள் இருக்கும். முன்னே, பின்னே, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு ஆகிய நான்குடன் ‘நில்’, ‘அழி’, ‘புறப்படு’ ஆகிய மூன்று. ஒரு முறை ‘முன்னே’ அழுத்தினால் 15 சென்டிமீட்டர் நகரும். ‘திரும்பு’ அழுத்தினால் நின்ற இடத்திலேயே கால் சுற்று திரும்பும். அழுத்திய கட்டளைகளை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டு, ‘புறப்படு’ என்றதும் ஒவ்வொன்றாகச் செய்யும். இங்கிலாந்துப் பள்ளிகளில் ‘பீ-பாட்’ என்ற தேனீ வடிவ ரோபோ பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. எங்களிடம் இருப்பதும் அந்த வகைதான்.

இதை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுத்தர முடியாது. ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரிக்கவும், அவற்றை வரிசையாகச் சொல்லவும், பலிக்காதபோது எந்தப் படியில் தவறியது என்று தேடவும் கற்றுத்தரலாம். அந்தப் பழக்கம் கழித்தலுக்கும் வாசிப்புக்கும் வேண்டும் என்பதால்தான் இதற்கு நேரம் ஒதுக்குகிறேன்.

கணினிசார் சிந்தனை என்பது என்ன?

ஆங்கிலத்தில் ‘கம்ப்யூட்டேஷனல் திங்க்கிங்’ என்று சொல்வதை இங்கே ‘கணினிசார் சிந்தனை’ என்கிறேன். கணினி அறிவியல் பேராசிரியர் ஜெனட் விங் 2006ஆம் ஆண்டு எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் உலகெங்கும் கல்வியாளர்களிடையே பரவியது. கணினி அறிவியலார் சிக்கல்களை அணுகும் முறை, எழுத்தும் எண்ணும் போல எல்லோருக்கும் தேவையான திறன் என்பது அவர் வாதம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆவணமும் கணிதச் சிந்தனையோடு சேர்த்து இதனை வலியுறுத்துகிறது. இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் பாடத்திட்டத்திலேயே படிமுறை எழுதுதலும் பிழை கண்டறிதலும் இடம்பெற்றுள்ளன.

இதன் கூறுகளாகப் பொதுவாக நான்கைச் சொல்வார்கள். பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல். திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்ளுதல். தேவையற்றதை விட்டுவிட்டுத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுதல். செய்யவேண்டிய படிகளை வரிசைப்படுத்துதல். இவற்றோடு ஐந்தாவதாகப் பிழை கண்டறிந்து திருத்துதலையும் நான் சேர்த்துக்கொள்வேன். தொடக்க வகுப்பில் அதிகப் பலன் தருவது இந்த ஐந்தாவதுதான். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

ஆமையில் தொடங்கிய முயற்சி

சிறு குழந்தைகளுக்கு ரோபோவைக் கொடுக்கும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் ழான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றியவர். நம் ஆசிரியர் பட்டயப் படிப்பில் நாம் படித்த அதே பியாஜேதான்.

லோகோவில் எழுதிய கட்டளைப்படி தரையில் ஓடும் ஒரு கருவியையும் செய்தார்கள். அரைக்கோள மூடியும் சக்கரங்களும் கொண்டிருந்ததால் அதற்கு ‘ஆமை’ என்று பெயர். வயிற்றில் ஒரு பேனா இருக்கும். போகும் வழியெல்லாம் தாளில் கோடு விழும். வட்டம் வரையத் தெரியாமல் திகைக்கும் குழந்தையிடம், “நீயே ஆமையாக இருந்து நடந்து பார்” என்பதே பேப்பர்ட்டின் வழி. கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, மறுபடியும் கொஞ்சம் நட. வட்டத்தின் விதி குழந்தையின் காலிலேயே கிடைத்துவிடும். கணினி குழந்தையைப் பயிற்றுவிப்பதைவிடக் குழந்தை கணினிக்குக் கற்றுத்தருவதே சிறந்தது என்பது அவருடைய நிலைப்பாடு. 1980இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலில் இதை விரிவாக எழுதினார்.

தட்டச்சு செய்யத் தெரியாத மழலையர் என்ன செய்வார்கள்? 1970களில் ரேடியா பெர்ல்மன் என்பவர், ஆமையை இயக்குவதற்குப் பெரிய பொத்தான்கள் கொண்ட பெட்டியையும், படம் போட்ட அட்டைகளைச் செருகினால் கட்டளையாக மாறும் கருவியையும் வடிவமைத்தார். இன்று பொம்மைக் கடைகளில் கிடைக்கும் பொத்தான் ரோபோக்களுக்கெல்லாம் அது முன்னோடி.

முதலில் சாக்பீஸ், பிறகுதான் ரோபோ

பேப்பர்ட் சொன்ன வரிசையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் ரோபோவை வெளியே எடுக்கவே இல்லை. வராந்தாவில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டங்கள் வரைந்தோம். பாண்டி ஆடிப் பழகிய பிள்ளைகளுக்குக் கட்டத்தில் நிற்பதும் தாண்டுவதும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மூலையில் ‘வீடு’, வேறொரு கட்டத்தில் ‘பள்ளி’, இடையில் இரண்டு கட்டங்களில் ‘குளம்’. ஒரு மாணவி ரோபோவாக நிற்பாள். மற்றவர்கள் அம்புக்குறி அட்டைகளை வரிசையாகக் கொடுத்து அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அட்டையில் உள்ளதை மட்டும் செய்ய வேண்டும் என்பதே ஒரே விதி.

இந்த விதிதான் குழந்தைகளுக்கு மிகவும் கடினமாக இருந்தது. அட்டை ‘முன்னே’ என்று சொல்லும். எதிரே குளம் இருக்கும். ரோபோவாக நிற்கும் குழந்தை தானாகவே திரும்பிவிடும். “அட்டையில அப்படி இல்லையே?” என்று கேட்டால், “குளத்துல விழுந்துடுவேனே டீச்சர்” என்று பதில் வரும். தோழி என்ன சொல்ல வந்தாள் என்பது அவளுக்குப் புரிகிறது. ஆகவே சொல்லாமல் விட்டதையும் தானே நிரப்பிக்கொள்கிறாள்.

மனிதர்கள் பேசும்போது எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும் குழந்தையின் அரைகுறைப் பதிலைக் கேட்டு, “சரி, நீ இதைத்தானே சொல்ல வர்றே?” என்று நிறைவு செய்துவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் தன் பதிலில் எது விடுபட்டது என்று அந்தக் குழந்தை அறியாமலே போய்விடுகிறது. ரோபோ அப்படி உதவி செய்யாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. குளத்தில் ‘விழு’ என்று கட்டளை வந்தால் தயங்காமல் விழும். குழந்தை மனத்தில் நினைத்ததும் வாயால் சொன்னதும் வேறு வேறு என்பதைக் கண்ணெதிரே காட்டிவிடும். சாக்பீஸ் கட்டமும் அட்டையும் போதாமல் இயந்திரமும் தேவைப்படுவது இந்த ஓர் இடத்தில்தான்.

ஒரு ரோபோ, முப்பத்தோரு பேர்

இருப்பது ஒரு ரோபோதான். அதை நடுவில் வைத்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். வேகமான நான்கு பையன்கள் முன்னால் வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் இன்னும் பின்னால் இருப்பார்கள். பொத்தானை அழுத்துவது யார் என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிட்டால், ஏற்கெனவே இருக்கும் இடைவெளி இந்தக் கருவியால் இன்னும் கூடும்.

ஆகவே வகுப்பை எட்டுக் குழுக்களாகப் பிரித்தேன். ஏழு குழுக்களில் நால்வர், ஒன்றில் மூவர். ஒவ்வொரு குழுவிலும் நான்கு பொறுப்புகள் உண்டு. ‘எழுதுபவர்’ கட்டளைகளை அம்புக்குறிகளாகத் தாளில் எழுதுவார். ‘நடத்திப் பார்ப்பவர்’ தாளில் வரைந்த கட்டத்தில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து, எழுதியபடி நகர்த்திச் சரிபார்ப்பார். ‘அழுத்துபவர்’ முறை வரும்போது ரோபோவின் பொத்தான்களை அழுத்துவார். ‘கவனிப்பவர்’ ரோபோ ஓடும்போது எந்தப் படியில் என்ன ஆயிற்று என்று குறிப்பார். மூவர் உள்ள குழுவில் எழுதுபவரே கவனிப்பவர். பொறுப்பு ஒவ்வொரு வகுப்பிலும் மாறும். பொறுப்பின் பெயரெழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதால் சண்டை குறைவு.

ஒரு குழுவுக்கு ரோபோவுடன் நான்கு நிமிடம். எட்டுக் குழுவுக்கும் 32 நிமிடம். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் சிந்திப்பது, எழுதுவது, பொத்தானை நகர்த்திப் பார்ப்பது. சிந்தனை நடப்பது அங்கேதான் என்பதால் ரோபோ ஒன்றே ஒன்று இருப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

இன்னொரு கட்டாய விதியும் உண்டு. ‘புறப்படு’ பொத்தானை அழுத்துமுன், ரோபோ எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று குழு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊகிக்காமல் ஓட்டினால் அது வெறும் வேடிக்கை. ஊகித்துவிட்டு ஓட்டினால் அது சோதனை.

பிழைகள் கற்றுத்தரும் பாடம்

குழந்தைகள் செய்யும் பிழைகள் ஏதோ கவனக்குறைவால் வருபவை என்று தோன்றலாம். நின்று பார்த்தால் நான்கே வகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ரோபோ இடப்பக்கக் கீழ் மூலைக் கட்டத்தில் மேல்நோக்கி நிற்கிறது. பள்ளி, அங்கிருந்து இரண்டு கட்டம் மேலே, மூன்று கட்டம் வலப்பக்கம். சரியான கட்டளை: முன்னே, முன்னே, வலம் திரும்பு, முன்னே, முன்னே, முன்னே. ஆறு படிகள்.

முதல் வகைப் பிழை: ‘முன்னே, முன்னே, வலம், வலம், வலம்’ என்று எழுதுவது. ‘வலம்’ என்றால் வலப்பக்கக் கட்டத்துக்குப் போவது என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது. ரோபோவோ இரண்டு கட்டம் போய், நின்ற இடத்திலேயே மூன்று முறை சுற்றி, இடப்பக்கம் பார்த்து நிற்கும். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கியதும், “அது ஏன் இடப்பக்கம் பார்க்குது?” என்று கேட்டேன். மூன்று முறை வலம் திரும்பினால் ஒரு முறை இடம் திரும்பியதற்குச் சமம் என்று ஓர் ஐந்தாம் வகுப்பு மாணவி எழுந்து நின்று தானே சுற்றிக் காட்டினாள். நகர்தலும் திரும்புதலும் வேறு வேறு என்பதும், நான்கு கால் சுற்றுகள் ஒரு முழுச் சுற்று என்பதும் அன்றைக்கு வடிவியல் பாடமாயின.

இரண்டாம் வகை: நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணுவது. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று தொடக்கக் கட்டத்திலிருந்தே எண்ணி, மூன்று முறை ‘முன்னே’ எழுதுவார்கள். ரோபோ ஒரு கட்டம் தாண்டிப் போய்விடும். பரமபதம் ஆடும்போதும் எண் கோட்டில் கூட்டும்போதும் நாம் காணும் அதே பிழைதான் இது. 4 உடன் 3 கூட்டச் சொன்னால் 4இலிருந்தே எண்ணத் தொடங்கி 6 என்று விடை சொல்லும் குழந்தை உங்கள் வகுப்பிலும் இருக்கும். கட்டங்களை எண்ணாமல் தாவல்களை எண்ண வேண்டும் என்பதை ரோபோவின் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கைதட்டு என்று வைத்துப் பழக்கினோம். எண் கோட்டுக் கணக்கிலும் அதே கைதட்டைப் பயன்படுத்தினேன்.

மூன்றாம் வகை: ரோபோ தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போவது. குழந்தை தன் வலது கையை வைத்துச் சொல்கிறது. ரோபோவின் வலம் எதிர்ப்பக்கம். இங்கே திருத்திச் சொல்வதைவிட, எழுந்துபோய் ரோபோவுக்குப் பின்னால் அது பார்க்கும் திசையிலேயே நிற்கச் சொல்வது பலன் தருகிறது. பிறர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது என்பது பியாஜே ஆராய்ந்த பொருள்களில் ஒன்று. ஊர் வரைபடம் வரையும்போதும் இது கைகொடுக்கிறது.

நான்காம் வகை: பழைய கட்டளைகளை அழிக்காமல் புதியவற்றை அழுத்துவது. முந்தைய குழுவின் ஆறு படிகளும் ரோபோவின் நினைவில் இருக்கும். புதியவை அவற்றுக்குப் பின்னால் சேர்ந்துகொள்ளும். ரோபோ எங்கெங்கோ ஓடும். “ரோபோ கெட்டுப்போச்சு டீச்சர்” என்று குரல் எழும்.

அப்படி ஒரு நாள் எல்லோரும் ரோபோவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன், “இது போன குரூப் போன வழியிலதான் மொதல்ல போச்சு” என்றான். எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில் தமிழில் அரும்பு நிலையில் இருந்தவன். நோட்டைக் காட்டச் சொன்னால் கையால் மறைத்துக்கொள்பவன். அன்று அவன் கவனிப்பவர் பொறுப்பில் இருந்தான். எழுத வேண்டிய தேவை இல்லாததால் ரோபோவின் ஒவ்வொரு நகர்வையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறான். மற்ற 30 பேரும் காணாததை அவன் கண்டான். அவன் சொன்னபடி ‘அழி’ பொத்தானை அழுத்திவிட்டு மறுபடியும் கட்டளையிட்டதும் ரோபோ சரியாகப் போய் நின்றது.

அதனால் அவன் வாசிப்பு மறுநாளே மலர் நிலைக்குப் போய்விடவில்லை. அதற்குத் தனி உழைப்பு தேவைப்பட்டது, இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் அவனால் வரிசையாகச் சிந்திக்க முடியும் என்பது எனக்கும் வகுப்புக்கும் அவனுக்கும் தெரிந்துவிட்டது. எழுத்து வழியாக மட்டுமே அளந்தால் நம் கண்ணுக்குப் படாமல் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அழிப்பானுக்கு ஓய்வு

நம் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் அதிகம் தேய்வது அழிப்பான்தான். கணக்கு தவறு என்று தெரிந்ததும் முழுவதையும் அழித்துவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள். தவறு அவர்களுக்கு அவமானம். எங்கே தவறியது என்று பார்ப்பதற்கு முன் அது மறைந்துபோக வேண்டும்.

ரோபோ வகுப்பில் அழிப்பானுக்கு இடமில்லை. எழுதிய அம்புக்குறி வரிசை அப்படியே இருக்கும். ரோபோ தவறிய படியை வட்டமிட்டு, அதன் மேலே சரியானதை எழுத வேண்டும். ஆறு படிகளில் ஒன்றுதான் தவறு, மற்ற ஐந்தும் சரி என்பது அப்போது கண்ணுக்குத் தெரிகிறது. ரோபோ திட்டுவதில்லை, முகம் சுளிப்பதில்லை, சிவப்பு மையில் கோடு போடுவதில்லை. பிழையோடு பத்து முறை ஓட்டினாலும் பத்து முறையும் ஓடும்.

சில வாரங்களில் இதையே கணக்கு நோட்டுக்கும் கொண்டுபோனேன். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் விடை தவறினால் முழுவதும் அழிக்க வேண்டாம், ஒவ்வொரு படியாகச் சரிபார்த்துத் தவறிய படியை வட்டமிடு என்றேன். எல்லோரும் உடனே மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் “தப்பா டீச்சர்?” என்ற கேள்வி குறைந்து, “எந்த எடத்துல தப்பு?” என்ற கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது.

தரையும் சில பிழைகளைத் தரும். எங்கள் வராந்தா ஒரு பக்கம் சரிவானது. சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் சக்கரம் வழுக்கி ரோபோ கோணலாகத் திரும்பும். “கட்டளையில தப்பா, தரையில தப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டால், அதே கட்டளையை வகுப்பறையின் சமமான தரையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிப்பது அறிவியலின் அடிப்படை.

திரும்ப வருவதைக் காணுதல்

பிழை கண்டறியப் பழகிய பிறகு அடுத்த படி, அமைப்பைக் காண்பது. “கிளம்பிய கட்டத்துக்கே திரும்பி வந்து, கிளம்பியபோது பார்த்த திசையையே பார்த்து நிற்க வேண்டும்” என்பது பணி. முன்னே, வலம், முன்னே, வலம், முன்னே, வலம், முன்னே, வலம் என்று எட்டுப் படிகள் எழுதுவார்கள். ‘முன்னே, வலம்’ என்ற சோடி நான்கு முறை வருவதை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதைச் சுருக்கி எழுதச் சொன்னால், ‘(முன்னே, வலம்) × 4’ என்று எழுதினார்கள். கணினி நிரலில் சுழற்சி என்று சொல்வது இதுதான். செவ்வகத்துக்கு என்ன சுருக்கம் என்று கேட்டபோது, ‘(முன்னே, முன்னே, வலம், முன்னே, வலம்) × 2’ என்று கண்டுபிடித்தார்கள்.

இங்கே நமக்கு உள்ளூரிலேயே நல்ல துணை இருக்கிறது. புள்ளிக் கோலம் போடும் பெண் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு பகுதியைப் போட்டுவிட்டுத் திரும்பி நின்று அதையே மறுபடியும் போட்டுக் கோலத்தை முடிப்பார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்கள் உருவாகும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் விளக்கி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் அன்றாடம் காணும் கோலம் கணினி அறிவியலுக்கு ஆய்வுப் பொருளாயிற்று என்று சொன்னபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் செய்த செயல்பாடு எளியது. இருவர் முதுகுக்கு முதுகு உட்கார வேண்டும். ஒருவர் தன் சிறு கோலத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் கேட்டுக்கொண்டே வரைய வேண்டும். ‘அப்படியே வளைச்சுக்கோ’ என்றால் வேலைக்காகாது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளியைச் சுற்றி என்று சொல்ல வேண்டும். ரோபோ வகுப்பில் பேசாமல் இருந்த இரண்டு மாணவிகள் இதில் மற்றவர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார்கள்.

பாடநூலோடு எப்படி இணைப்பது?

இதற்கெனத் தனிப் பாடவேளை தேட வேண்டியதில்லை. கணக்கில் ‘அமைப்புகள்’, ‘தகவல் செயலாக்கம்’, ‘வடிவியல்’ ஆகிய அலகுகள் நேரடியாகப் பொருந்துகின்றன. ‘அளவைகள்’ அலகில், ஒரு நகர்வு 15 சென்டிமீட்டர் என்றால் 1 மீட்டர் 20 சென்டிமீட்டர் போக எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று கேட்கலாம். எட்டு என்று கணக்கிட்டுவிட்டு ஓட்டி, அளவு நாடாவால் அளந்து பார்க்கலாம். தமிழில், ‘நட’, ‘திரும்பு’, ‘நில்’ என்ற ஏவல் வினைகளைக் கொண்டு ஒரு செயலை வரிசையாக எழுதும் பயிற்சி தரலாம். எலுமிச்சைச் சாறு தயாரிப்பது எப்படி என்று எழுதச் சொல்லி, எழுதியபடியே செய்து காட்டினால் விடுபட்ட படிகள் தாமாகவே வெளிப்படும். சூழ்நிலையியலில் பள்ளியிலிருந்து ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு வழி சொல்வது இதே திறன்தான். ஆங்கிலத்தில் திசைச் சொற்களைப் பழக்கலாம்.

ரோபோ இல்லாத பள்ளிகளில் சாக்பீஸ் கட்டம், அம்புக்குறி அட்டை, சட்டைப் பொத்தான் ஆகிய மூன்றைக் கொண்டே பெரும்பகுதியைச் செய்துவிடலாம். ‘ரோபோ’வாக நிற்பவர் தானாக நிரப்பிக்கொள்ளாமல் இருக்க, அவர் கண்ணைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டளையையும் ஒருவர் வாசித்துக் காட்டலாம். குளமும் பள்ளியும் எங்கே என்று தெரியாதபோது சொன்னதை மட்டுமே செய்ய முடியும். டேப்லெட் இருந்தால் ‘ஸ்கிராட்ச் ஜூனியர்’ என்ற இலவசச் செயலி உதவும். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்காக 2014இல் வெளியான இதில் படக் கட்டளைகளைக் கோத்தே உருவங்களை நகர்த்தலாம். வாசிக்கத் தெரியாத குழந்தையும் பயன்படுத்த முடியும்.

எதை மதிப்பிடுவது?

ரோபோ பள்ளிக் கட்டத்தைச் சென்று சேர்ந்ததா என்பதை மட்டும் நான் பார்ப்பதில்லை. ஓட்டுவதற்கு முன் ஊகித்தார்களா? தவறிய படியைச் சுட்டிக்காட்ட முடிந்ததா? ஒரு படியை மட்டும் மாற்றினார்களா, எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்களா? ஏன் அப்படி மாற்றினோம் என்று அடுத்த குழுவுக்குச் சொல்ல முடிந்ததா? இந்த நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வகுப்புக்கு இரண்டு குழுக்களை மட்டும் கவனிப்பேன். நான்கு வகுப்புகளில் எல்லோரையும் பார்த்துவிடலாம்.

ஆண்டு விழாவிலோ பார்வையாளர்கள் வரும் நாளிலோ ரோபோவை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். காட்டலாம், பெற்றோருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மனப்பாடம் செய்த ஆறு பொத்தான்களைத் தேர்ந்தெடுத்த ஒரு மாணவர் அழுத்துவதாக அது அமைய வேண்டாம். பார்வையாளரையே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். குழு அவர் கண்முன்னே திட்டமிடட்டும், தவறட்டும், தேடட்டும், திருத்தட்டும். கற்றல் நடப்பது எப்படி என்று பெற்றோரும் பார்க்கட்டும்.

அடுத்த வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்கிப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்து கட்டங்கள், நான்கு வகை அம்புக்குறி அட்டைகள், ஒரு குளம். கட்டளை தவறிக் குளத்தில் விழும் குழந்தையிடம் சரியான வழியைச் சொல்லிவிடாதீர்கள். “எந்த அட்டையில் தவறியது?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். பதிலை அந்தக் குழுவே தேடிக் கொண்டுவரும்.